தெருவில் சைக்கிள் தடம் வருது, 38 பார்க்கிங் போகுது: வரைபடத்தில் எதைப் பார்க்கணும், கூட்டத்தில் எதைக் கேட்கணும்?

#1 தெருமுனை

ஒரு மாதிரித் தெருவை வைத்துக் கேட்கிறேன். விளிம்புக்கல்லிலிருந்து விளிம்புக்கல் வரை 12 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம். இருவழிப் போக்குவரத்து, பேருந்து கிடையாது. இரண்டு ஓரத்திலும் கார் நிறுத்துகிறார்கள் (பக்கத்துக்கு 2.2 மீ), நடுவில் 3.8 மீட்டரில் இரண்டு வண்டித் தடம். மேற்குப் பக்கம் வீடுகள், 18 கார் வாசல்கள். கிழக்குப் பக்கம் கடைகள், 5 கார் வாசல்கள்தான். குறுக்கே மூன்று தெருக்கள் வெட்டுகின்றன.

நகர நிர்வாகத்தின் திட்டம்: மேற்கு ஓர பார்க்கிங்கை எடுத்துவிட்டு அங்கே 3 மீ இருதிசை சைக்கிள் தடம், 0.6 மீ தடுப்புப் பட்டை, பிறகு 3.1 மீட்டரில் இரண்டு வண்டித் தடம். கடைப் பக்க பார்க்கிங் 2.2 மீ அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல இரண்டு கட்சி. "சைக்கிளே போகாத தெருவுக்கு எதுக்கு?" என்று ஒன்று, "உயிர் பெரிசா, காரை நிறுத்துற இடம் பெரிசா?" என்று இன்னொன்று. நிர்வாகம் 38 பார்க்கிங் போகும் என்கிறது, குடியிருப்போர் சங்கம் 54 என்கிறது. யார் கணக்கு சரி? கூட்டத்தில் உருப்படியாக என்ன கேட்பது?

#2 கோட்டுவரைவு

இரண்டு கணக்கும் சரி. அதனால்தான் சண்டை ஓயாது.

400 மீட்டரில் குறுக்குத் தெரு ஒன்றுக்கு 6 மீ வாய், இருபுறமும் பார்வைக்காக 6 மீ காலி, ஆக 18 மீ. மூன்றுக்கு 54 மீ. கார் வாசல் ஒன்றுக்கு 4 மீ என்றால் 18 வாசலுக்கு 72 மீ. மிச்சம் 274 மீ. இதை ஒரு காருக்கு 5 மீ என்று ஒரே மூச்சில் வகுத்தால் 54 வரும். கோடு போட்ட இடமாகக் கணக்கிட்டால் இணையாக நிறுத்தும் ஒரு காருக்கு 6 மீ. அப்படியே வகுத்தால் 45. ஆனால் அந்த 274 மீட்டர் ஒரே நீளமாக இல்லையே, 22 துண்டாக நறுக்கிக் கிடக்கிறது. 9.5 மீ துண்டில் ஒரு கார்தான் நிற்கும், 3.5 மீ வீண். துண்டு துண்டாக எண்ணினால் 38 பக்கம் வந்து நிற்கும்.

கூட்டத்தில் "எத்தனை பார்க்கிங் போகுது?" என்று கேட்டால் இந்த வாக்குவாதத்திலேயே ஒரு மணி நேரம் கரையும். "ஒரு காருக்கு எத்தனை மீட்டர் வைத்தீர்கள், சந்திப்பில் எத்தனை மீட்டர் விட்டீர்கள்?" என்று கேளுங்கள். சந்திப்பிலிருந்து அந்த 6 மீட்டரை விடுவது சைக்கிள் தடம் வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை. கலிஃபோர்னியாவில் நடைக்கடப்புக்கு முன்னால் 20 அடி, அதாவது சுமார் 6.1 மீ, வண்டி நிறுத்தக்கூடாது என்பது மாநிலச் சட்டம். 2025 முதல் அபராதம். அதையும் சைக்கிள் தடத்தின் கணக்கில் எழுதிப் பழியைப் போடுவது நியாயம் இல்லை.

#3 சரக்குவண்டி

எண்ணிக்கை கிடக்கட்டும் சார். திட்டத்தில் சரக்கு இறக்கும் இடம் எங்கே? கடைப் பக்கம் பார்க்கிங் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. இப்ப வண்டித் தடம் 3.8 மீ. லாரிக்காரர் இரண்டாம் வரிசையா நிறுத்தி இறக்குவார், மத்த வண்டி எப்படியோ சுத்திப் போகும். நாளைக்கு 3.1 மீ ஆயிடும், எதிரே சைக்கிள் தடுப்பு. இரண்டாம் வரிசையில ஒரு லாரி நின்னா தெருவே நின்னுடும். அப்புறம் அவர் என்ன செய்வார்? தடுப்பு இல்லாத இடமாப் பார்த்து சைக்கிள் தடத்துல ஏத்திடுவார். எல்லாரும் அவரைத் திட்டுவாங்க. இடமே கொடுக்காம வரைஞ்சது யாரு?

8 மீ நீள லாரிக்கு 8 மீ கட்டம் போட்டா போதாது. ரிவர்ஸ் எடுக்காம உள்ளே நுழைய முன்னும் பின்னுமா சேர்த்து 3, 4 மீ வேணும், பின்பக்கத் தூக்கு பலகை இறங்க 2 மீ வேணும். 14 மீட்டருக்குக் குறைஞ்சா எந்த டிரைவரும் அதுக்குள்ள போக மாட்டார். இடம் கடையிலிருந்து 50 மீட்டருக்குள்ள இருக்கணும், பாரமான சரக்கை அதுக்கு மேல யாரும் தள்ள மாட்டாங்க. அப்படிப் பார்த்தா இந்த 400 மீட்டர் கடைவரிசைக்குக் குறைஞ்சது நாலு இடம் தேவை.

#4 எண்ணிப்பார்

#3 முழுக்கச் சரி. ஆனால் நாலு சரக்கு இடத்துக்கு 56 மீ. அதாவது மீதமிருக்கும் கடைப் பக்க பார்க்கிங்கிலிருந்து இன்னும் 9 கார் போகும். கடைக்காரர்கள் அதற்கு ஒத்துக்கொள்வார்களா? "வாடிக்கையாளர் காரில்தான் வருகிறார்" என்பது அவர்களுடைய முதல் வாதமாக இருக்கும்.

அந்த நம்பிக்கையை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் பிரிஸ்டலில், நடை, சைக்கிள் பயணத்தை ஊக்குவிக்கும் சஸ்ட்ரான்ஸ் அமைப்பு 2006-ல் நடத்திய ஆய்வில், தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்தது 22 சதவீதம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இடம் கிடைக்கவில்லை என்று வந்து முறையிடுபவர் நினைவில் நிற்பார், நடந்து வந்து வாங்கிப் போனவர் நிற்க மாட்டார்.

வேறொரு ஊரின் 22 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். "அது அங்கே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை. கடை வாசலில் நின்று வெளியே வருபவரிடம் மூன்றே கேள்வி: எப்படி வந்தீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, வாரத்தில் எத்தனை முறை. கேட்பவர்களில் ஒருவர் கடைக்காரர் தரப்பு, ஒருவர் சைக்கிள் தரப்பு. இருவரும் சேர்ந்து நிரப்பிய தாளை யாரும் பிறகு மறுக்க முடியாது.

#5 சரக்குவண்டி

அந்த ஆய்வு ஆள் வர்றதைப் பத்தி. சரக்கு வர்றதைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. ரெண்டையும் கலக்காதீங்க. எல்லா வாடிக்கையாளரும் நடந்தே வந்தாலும் அரிசி மூட்டை நடந்து வராது.

#6 கோட்டுவரைவு

ஒப்புக்கொள்கிறேன். இனி திட்டத்தின் உண்மையான ஓட்டைக்கு வருகிறேன். இருதிசைத் தடத்தை 18 வாசல் இருக்கும் மேற்குப் பக்கம் ஏன் போட்டார்கள்? கடைக்காரர் கூச்சலுக்குப் பயந்துதான் என்று ஊகிக்கலாம், ஆனால் விளைவு மோசம்.

வாசலிலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் கார்கள் வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். ஒழுக்கக் குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது, கண்ணின் பழக்கம் அது. பின்லாந்து ஆய்வாளர் சும்மாலாவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஹெல்சிங்கியில் ஓட்டுநர்களின் தலைத் திருப்பத்தைப் பதிவுசெய்து 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: திரும்பும் ஓட்டுநர் ஆபத்து வரும் என்று எதிர்பார்க்கும் பக்கத்தை மட்டும் நோக்குகிறார், மறுபக்கத்திலிருந்து வரும் சைக்கிள் அவர் கண்ணிலேயே படுவதில்லை. இருதிசைத் தடத்தில் வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த "மறுபக்க" ஆட்கள். 18 வாசல் என்றால் அப்படி 18 இடம்.

மாற்று வரைவு: தடத்தைக் கடைப் பக்கம் விளிம்புக்கல்லை ஒட்டி 3.0 மீ. அடுத்து கார்க் கதவு திறக்க 1.0 மீ பட்டை. அதற்கு வெளியே பார்க்கிங் 2.2 மீ. பிறகு 2.9 மீட்டரில் இரண்டு வண்டித் தடம். கூட்டினால் 12.0. பேருந்து இல்லாததால் 2.9 செல்லும். மோதல் புள்ளி 18-லிருந்து 5 ஆகக் குறையும்.

விலையும் சொல்லிவிடுகிறேன். மேற்கில் 38 போவது போவதுதான். கிழக்கில் ஒவ்வொரு வாசலின் இருபுறமும் 6 மீ காலியாக விட வேண்டும், இல்லையென்றால் நிற்கும் கார் சைக்கிளை மறைக்கும். ஒருதிசைத் தடமென்றால் வரும் பக்கம் மட்டும் விட்டால் போதும், இது இருதிசை. 5 வாசலுக்கு 60 மீ, அதாவது இன்னும் 10 கார். மொத்தம் 48 போகும். பத்து பார்க்கிங்குக்கு 13 மோதல் இடங்களைக் குறைக்கலாமா என்பதுதான் கூட்டத்தின் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

#7 சரக்குவண்டி

எனக்குத் தயக்கம் இருக்கு. லாரி வெளியே நிக்குது, கடை உள்ளே இருக்கு, நடுவுல சைக்கிள் ஓடுது. சரக்குத் தள்ளுவண்டியோட சக்கரம் ஒரு சாண் கூட இருக்காது. பட்டைக்கு மேல ஒரு கல், தடத்தைத் தாண்டினா இன்னொரு கல். ஆறு செ.மீ. கல்லுல அந்தச் சக்கரம் ஏறாது, வண்டிதான் கவிழும். சைக்கிள்காரர் மேலேயே கவிழும்.

#8 கோட்டுவரைவு

சரக்கு இடம் ஒவ்வொன்றுக்கும் நேரே 1.5 மீ அகலத்துக்கு இரண்டு கல்லையும் தரைமட்டத்துக்கு இறக்க வேண்டும். அந்த இடத்தில் தடத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டு, மேற்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கினால் சைக்கிள்காரர் வேகம் குறைப்பார். வரைபடத்தில் இப்படி ஒரு சாய்வு காட்டப்படவில்லை என்றால் பிறகு யாரும் போட மாட்டார்கள். ஏனென்றால் ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியலில் அது இருக்காது.

#9 வெண்கோல்

விளிம்புக்கல் உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன், இதில் தலையெழுத்தே அடங்கியிருக்கிறது.

பார்வையற்றவர் கோலாலும் காலாலும் விளிம்பைக் கண்டுபிடிக்க நம்பத்தக்க உயரம் 6 செ.மீ. என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2009-ல் சோதித்து முடிவுக்கு வந்தது. அதற்குக் கீழே போகப் போக தவறவிடுபவர்கள் கூடுகிறார்கள். மறுபுறம் சைக்கிள் பெடல் கல்லில் தட்டாமல் இருக்க வேண்டும். பிரிட்டன் அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட எல்.டி.என். 1/20 என்ற சைக்கிள் தட வடிவமைப்பு வழிகாட்டி, 6 செ.மீ. வரையுள்ள கல்லுக்குக் கூடுதல் அகலம் வேண்டாம் என்கிறது. அதற்கு மேல் 15 செ.மீ. வரை போனால் அந்தப் பக்கம் 20 செ.மீ. கூடுதல் அகலம் வேண்டும், 60 செ.மீ. உயரம் வரையான தடுப்புக்கு 25 செ.மீ., அதற்கும் மேலென்றால் 50 செ.மீ.

ஆக, நடைபாதைக்கும் தடத்துக்கும் நடுவே 6 செ.மீ. வைத்தால் கோல் கண்டுபிடிக்கும், பெடல் தட்டாது. இரண்டு தரப்பும் சண்டையில்லாமல் சந்திக்கும் எண் இந்தத் திட்டத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். "3 மீ தடம்" என்று விளம்பரப்படுத்திவிட்டு இருபுறமும் 15 செ.மீ. கல் நட்டால் உங்களுக்குக் கிடைப்பது 2.6 மீ தடம். எதிரெதிரே இரண்டு சைக்கிள் போகும்போது மூன்றாமவர் முந்த முடியாது.

இன்னொன்று. தடத்துக்கு வெளியே கார் நிறுத்தும் வரைவில், சக்கர நாற்காலிக்காரர் காரிலிருந்து எங்கே இறங்குவார்? பக்கவாட்டுச் சாய்பலகை உள்ள வேனுக்கு அந்தப் பக்கம் 2.4 மீ சமதளம் வேண்டும். 1.0 மீ பட்டை போதாது. குறுக்குத் தெருவின் வாயிலோ, தடத்தை அந்த ஒரு இடத்தில் நடைபாதைப் பக்கம் வளைத்தோ இடம் ஒதுக்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு இதைச் சேர்க்கவே முடியாது, தயவுசெய்து முதலிலேயே கேளுங்கள்.

#10 தெருமுனை

தீயணைப்பு வண்டி வர முடியாது என்று சங்கம் ஒரு தாள் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறது. இதில் உண்மை எவ்வளவு?

#11 கோட்டுவரைவு

வருவதில் சிக்கல் இல்லை. பிரிட்டன் கட்டட விதிகளின் வழிகாட்டி, தீயணைப்பு வண்டி செல்லும் சாலைக்கு விளிம்புக்கல்களுக்கு இடையே 3.7 மீ கேட்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் பன்னாட்டுத் தீ விதி 20 அடி, சுமார் 6.1 மீ கேட்கிறது. நிர்வாகத்தின் வரைவில் இரண்டு வண்டித் தடம் சேர்ந்தால் 6.2 மீ, இரண்டு அளவிலும் தேறும். என்னுடைய மாற்றில் 5.8 மீ, பிரிட்டன் அளவில் தேறும், அமெரிக்க அளவில் தேறாது. உங்கள் ஊர் விதி எதுவோ அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏணி வண்டி நின்ற இடத்தில் பக்கவாட்டுக் கால்களை விரிக்கும். அந்தக் கால் எங்கே ஊன்றும்? அதனால் தடுப்பு, சக்கரம் ஏறக்கூடிய சாய்ந்த கல்லாகவோ வளையும் கம்பமாகவோ இருக்கட்டும். மாடிக் கட்டடங்களுக்கு நேரே நிரந்தரப் பூந்தொட்டி வேண்டாம். அப்படிச் செய்தால் நெரிசல் நேரத்தில் 3 மீ தடமே ஆம்புலன்ஸுக்கு வழியாகும். தாள் அடித்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அவர்கள் விரும்பாவிட்டாலும்.

#12 துடைப்பம்

பராமரிப்புப் பக்கம் யாரும் வாயைத் திறக்கவில்லை. தடம் திறந்த ஆறு மாதத்தில் வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான்.

குப்பைத் தொட்டி: 240 லிட்டர் சக்கரத் தொட்டியின் அகலம் சுமார் 58 செ.மீ., ஆழம் சுமார் 74. உங்கள் தடுப்புப் பட்டை 60. தூக்கும் கைக்கு நேராகத் தொட்டியை வைத்தால் 14 செ.மீ. தடத்துக்குள் நீட்டும். குப்பை நாளில் 3 மீ தடம் வரிசையாகத் தொட்டி முளைத்த தடமாகிவிடும். கார் வாசலின் ஓரத்தில் தொட்டிக்கென்று ஒரு கட்டம் வரைந்தால் தீரும்.

துப்புரவு: பெரிய கூட்டும் வண்டி தடத்துக்குள் நுழையாது, சுமார் 1.3 மீ அகலமுள்ள சிறிய வண்டி வேண்டும். அது நகரத்திடம் இருக்கிறதா? இல்லையென்றால் இலை, கண்ணாடிச் சில்லு, மணல் எல்லாம் தடத்தில்தான் சேரும். சைக்கிள்காரர் மறுபடி காரோடு ஓட்டப் போவார், "தடம் போட்டும் உள்ளே போகமாட்டேங்கிறாங்க" என்று குழுவில் படம் வரும்.

மழைநீர்: பழைய விளிம்புக்கல்லில்தான் மழைநீர் வாய் இருக்கும். சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிவு. குறுக்கே தொடர்ச்சியாகக் கல் நட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும், வண்டித் தடம் குளமாகும். முன்வார்ப்புக் கல்லானால் 2 மீட்டருக்கு ஒரு முறை 30 செ.மீ. இடைவெளி விட வேண்டும். மழைநீர் மூடியின் கம்பிகள் ஓடும் திசைக்குக் குறுக்காக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும்.

வளையும் கம்பம்: மலிவு, வேகமாகப் போடலாம், அதே வேகத்தில் போய்விடும். முதலில் உடைவது தொடக்கத்தில் இருக்கும் இரண்டும் வாசல் ஓரத்தில் இருப்பவையும். உடைந்த பிறகு தரையில் நிற்கும் போல்ட்டுகள் டயரைக் கிழிக்கும், நடப்பவர் காலைத் தடுக்கும். தொடக்கத்தில் கம்பத்துக்குப் பதில் ஒளிபிரதிபலிக்கும் பெரிய கல் ஒன்றை வைத்தால் மீதிக் கம்பங்களின் ஆயுள் கூடும். வருடாந்தரப் பராமரிப்புத் தொகை எவ்வளவு, எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் கம்பம் திரும்ப நிற்காது.

#13 எதிர்க்கட்சி

இவ்வளவு நுணுக்கம் எதுக்கு? இந்தத் தெருவுல சைக்கிளே போகல. இல்லாத ஆளுக்கு 38 பேரோட இடத்தை எடுக்கறாங்க. போக்குவரத்து வேற தெருவுக்குத் திரும்பி அங்க நெரியும். இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

#14 எண்ணிப்பார்

இரண்டு கேள்வி, இரண்டுமே நியாயமானவை.

முதலாவது: எங்கே எண்ணினீர்கள்? சாலையில் மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் வரும். நடைபாதையில் ஓட்டுபவரையும் எண்ணுங்கள். நியூயார்க்கில் புராஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் தடம் 2010-ல் போடப்பட்டது, ஊரே இரண்டுபட்ட வழக்கு அது. தடத்துக்கு முன் அங்கே சைக்கிள் ஓட்டியவர்களில் 46 சதவீதம் பேர் நடைபாதையில் ஓட்டினார்கள், பிறகு அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. வேக வரம்பை மீறிய கார்கள் நாலில் மூன்று என்றிருந்தது ஐந்தில் ஒன்றாகியது. சைக்கிளே தொடாத மூத்தவர்களுக்கும் அந்த இரண்டு எண்ணும் பேசும். 2011-ல் போட்ட வழக்கு 2016-ல் திரும்பப் பெறப்பட்டது, தடம் இருக்கிறது.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு புள்ளி உண்டு. முன்னும் பின்னும் எதனோடும் சேராத 400 மீட்டர் துண்டில் யாரும் ஓட்ட மாட்டார்கள். ஸ்பெயினின் செவில் நகரம் 2006, 2007-ல் சுமார் 80 கி.மீ. தடத்தை ஒரே வீச்சில் வலையாகப் போட்டது, அதற்காக ஏறத்தாழ 5,000 பார்க்கிங் இடத்தை எடுத்தது. துண்டு துண்டாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு துண்டிலும் தோற்றிருக்கும். ஆகவே "இது எதோடு சேர்கிறது, எப்போது?" என்று தேதியோடு கேளுங்கள். தேதி இல்லையென்றால் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

இரண்டாவது: கெய்ர்ன்ஸ், ஆட்கின்ஸ், குட்வின் என்ற போக்குவரத்து ஆய்வாளர்கள் மூவரும் 2002-ல் 11 நாடுகளில் சாலை அளவைக் குறைத்த 70-க்கும் மேற்பட்ட இடங்களைத் தொகுத்தார்கள். குறைத்த சாலையையும் சுற்றுத் தெருக்களையும் சேர்த்துப் பார்த்தபோது, நடு மதிப்பாகச் சுமார் 11 சதவீதப் போக்குவரத்து காணாமல் போயிருந்தது. நேரத்தை மாற்றியவர்கள், வழியை மாற்றியவர்கள், வேலைகளைச் சேர்த்து ஒரே முறை வெளியே வந்தவர்கள் என்று பல காரணம். ஆனால் நடு மதிப்பு என்றால் பாதி இடங்களில் அதற்கும் குறைவு என்று பொருள். பக்கத்துத் தெருவில் பாய்வது நடக்கும். அதனால் பக்கத்து இரண்டு தெருக்களிலும் முன்பே குழாய் எண்ணியை (சாலைக்குக் குறுக்கே கிடந்து, மேலே ஏறும் வண்டிகளை எண்ணும் ரப்பர் குழாய்) பதித்து 7 முழு நாட்கள் எண்ண வேண்டும். பள்ளி விடுமுறை, பண்டிகை வாரம் கூடாது. பிறகு அடுத்த வருடம் அதே மாதம். சைக்கிளைப் பிரித்தறியும் குழாயா என்றும் கேளுங்கள், சாதாரணக் குழாய் கூட்டமாகப் போகும் சைக்கிள்களை விட்டுவிடும்.

#15 கோட்டுவரைவு

#13-க்கு இன்னொரு பதில், இதுவரை யாரும் கேட்காத கேள்வியாக: இந்தத் தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி? சுமார் 2,000-க்குக் கீழே, வேகம் 30 கி.மீ.க்குள் என்றால் தனித் தடமே வேண்டாம், காரோடு கலந்தே ஓட்டலாம். குறுக்கு வழியாகப் புகும் வண்டிகளை நடுவில் ஒரு தடுப்பால் நிறுத்தினால் பல தெருக்கள் அந்த எண்ணுக்குக் கீழே வந்துவிடும். பார்க்கிங்கும் பெரும்பாலும் தப்பும். அப்போது வேறு சண்டை வரும், "என் வீட்டுக்குச் சுற்றிப் போகணுமா?" என்று. ஆனால் எந்தச் சண்டை வேண்டும் என்று தெரு தேர்ந்தெடுக்கலாமே. 6,000-க்கு மேல் என்றால் இந்த வழி கிடையாது, தடுப்போடு தடம்தான்.

#16 மனுநகல்

நடைமுறை பற்றிச் சுருக்கமாக. "வேண்டுமா, வேண்டாமா" என்ற கருத்துக் கேட்பை ஏற்காதீர்கள். யார் சத்தமோ அவர்கள் வெற்றி. வரைவு அ, வரைவு ஆ, இப்போதிருக்கும் நிலை என்று மூன்றையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்து, ஒவ்வொன்றிலும் எது போகும் எது வரும் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

சோதனை முறையில் போடுவது நல்ல வழி, விதி சரியாக இருந்தால். இங்கிலாந்தில் சோதனைப் போக்குவரத்து ஆணை அதிகபட்சம் 18 மாதம், முதல் 6 மாதம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சோதனை எப்படிக் கெடும் என்பதற்கு லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்: 2020 இலையுதிர் காலத்தில் போட்ட தடம் சுமார் ஏழு வாரத்தில், டிசம்பரில், அகற்றப்பட்டது. ஏழு வாரத்தில் எதையும் அளக்க முடியாது. இரு தரப்பும் இன்றுவரை தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிக்கொள்ளலாம். டொரன்டோவில் புளூர் தெரு 2016-ல் சோதனையாக வந்தது. முன், பின் எண்ணிக்கை, கார்டு வழிச் செலவுத் தரவு, ஒப்பிட இன்னொரு தெரு எல்லாம் இருந்தன. கார்களின் மாலைத் தாமதம் கூடியதையும் மறைக்கவில்லை. சிக்னல் நேரத்தை மாற்றியபின் அது ஏறத்தாழப் பாதியானது. 2017-ல் நிரந்தரமானது. 2024-ல் மாகாண அரசு சட்டம் போட்டு அகற்ற முனைந்தபோது, நீதிமன்றம் 2025 ஜூலையில் அதை அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. அப்போதும் வாதத்தின் மையத்தில் இருந்தவை பாதுகாப்புப் பற்றிய தரவுகளும் நிபுணர் கருத்துகளும்தான்.

ஆகவே கூட்டக் குறிப்பில் இது பதிவாகட்டும்: எத்தனை மாதம், எதை அளப்பார்கள், எந்த எண் வந்தால் மாற்றுவார்கள், எந்த எண் வந்தால் எடுப்பார்கள். தடம் போடும் முன்.

#17 எதிர்க்கட்சி

"எந்த எண் வந்தா எடுப்பாங்க"ன்னு எழுதிக் கொடுத்தா நான் எதிர்ப்பைத் தள்ளி வைக்கத் தயார். ஆனா வீட்டுக்காரங்க ராத்திரி காரை எங்க விடுவாங்க?

#18 எண்ணிப்பார்

அதையும் அளக்கலாம். லண்டனின் லாம்பெத் பகுதி வகுத்த முறை பல இடங்களில் பயன்படுகிறது: வேலைநாள் இரண்டு இரவு, நள்ளிரவு 12.30-லிருந்து 5.30-க்குள், தெருவிலிருந்து 200 மீ நடைதூரத்தில் உள்ள எல்லாத் தெருவிலும் நிற்கும் காரை எண்ணுவது. 38 காருக்கு அந்த வட்டத்தில் காலி இடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பகலுக்கு வேறு: மணிக்கொரு தடவை நடந்து வண்டி எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைக் குறித்தால், காலையிலிருந்து நகராத கார் எது என்று தெரியும். கடை வாசல் இடத்தைக் கடைக்காரரின் சொந்தக் காரே பிடித்திருப்பதும் வெளியே வரும். அது வரும்போது கூட்டம் கொஞ்சம் அமைதியாகும்.

பகலில் இலக்கு, பார்க்கிங் ஆய்வாளர் டொனால்ட் ஷூப் முன்வைத்த 85 சதவீத நிறைவு. ஏழில் ஒன்று காலியாக இருந்தால் இடம் தேடிச் சுற்றுவது குறையும். அதற்கு மேல் என்றால் நேரக் கட்டுப்பாடோ கட்டணமோ வேண்டும்.

#19 வெண்கோல்

இரவுக் கணக்கில் ஊனமுற்றோர் அனுமதி வைத்திருக்கும் கார்களைத் தனியாகக் குறியுங்கள். அவர்களுக்கு 200 மீ நடைதூரம் பொருந்தாது. வாசலுக்கு நேரே இடம் வேண்டும், எண்ணிக்கையும் மிகக் குறைவாக இருக்கும்.

#20 தெருமுனை

எல்லோருக்கும் நன்றி. பேச எனக்கு இரண்டு நிமிடம்தான் தருவார்கள். இவ்வளவையும் சொல்ல முடியாது. எது முதலில்?

#21 கோட்டுவரைவு

பேசாதீர்கள், வாங்குங்கள். 1:200 அளவில் மூன்று இடத்துக்கு வரைபடம் கேளுங்கள்: ஒரு சந்திப்பு, ஒரு கார் வாசல், ஒரு கடை வாசல். தெரு முழுவதையும் காட்டும் அழகான படத்தில் மரம்தான் இருக்கும், கல்லின் உயரம் இருக்காது. சந்திப்புப் படத்தில் பாருங்கள்: தடம் வண்டித் தடத்திலிருந்து 4 முதல் 6 மீ உள்வாங்கித் தெருவைக் கடக்கிறதா? அப்படியானால் திரும்பும் கார் ஒன்று முழுதாக நின்று சைக்கிளைப் பார்க்க இடம் இருக்கும். சந்திப்புக்கு 15 மீ முன்பே தடுப்பு முடிந்து வெறும் கோடாகிவிட்டால், மோதல் நடக்கும் இடத்தில் பாதுகாப்பு இல்லை. மீதி நீளம் முழுக்க அது இருந்து என்ன பயன்?

#22 சரக்குவண்டி

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு காலையில சாக்குக்கட்டி எடுத்துட்டுப் போங்க. கடை முன்னாடி 14 மீட்டர் கட்டம், பட்டை, தடம் எல்லாத்தையும் நிஜ அளவுல தரையில போடுங்க. ஒரு லாரியைக் கட்டத்துல நிறுத்தி, நிரம்பின தள்ளுவண்டியைக் கடை வரைக்கும் தள்ளிப் பாருங்க. 74 செ.மீ. குப்பைத் தொட்டியையும் ஒண்ணு வைங்க. சங்கத்துக்காரங்களையும் சைக்கிள்காரங்களையும் கூப்பிடுங்க. எந்தப் பக்கம் தடம் போடணும்ங்கறதுல நான் கோட்டுவரைவு சாரோட இன்னும் ஒத்துப்போகல. அதையும் அங்கேயே பார்த்துக்கலாம்.

#23 துடைப்பம்

சாக்குக்கட்டி போடும்போது மழைநீர் வாய் எல்லாவற்றையும் வட்டமிட்டுவிடுங்கள். தள்ளுவண்டிக்குச் சாய்வு இறக்கும் இடம் அதற்கு நேரே வந்தால் ஒரு மீட்டர் தள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் முதல் மழையில் தண்ணீர் கடைக்குள் போகும்.